படிகளை எண்ணி முடியாதவர்களுக்கு

திருத்தணி மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுகிறவர்களை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. ஏறுகிறார்கள், கும்பிடுகிறார்கள், நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். அதே படிகளில் இன்னொருவர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நூறாவது படியை வலது கையால் தொட்டோமா என்று சந்தேகம். தொடாமல் விட்டிருந்தால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அர்த்தமில்லாத பயம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் கீழே இறங்கி முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குகிறார். இப்படியே வேலைக்குப் போகும் நேரம் கடந்துவிடுகிறது. இது பக்தி அல்ல, ஓசிடி எனப்படும் மனச்சுழற்சி நோய்.

ஓயாமல் கை கழுவுவதும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் மட்டும்தான் ஓசிடி என்று பலர் நினைக்கிறார்கள். சன்னதியில் கைகூப்பி நிற்கும்போது சாமியைப் பற்றியே ஆபாசமான எண்ணம் ஒன்று குறுக்கே பாய்வதும் ஓசிடிதான். கன்னத்தில் போட்டுக்கொள்வார், மனசுக்குள் நூற்றெட்டு முறை மன்னிப்புக் கேட்பார், எண்ணம் திரும்பவும் வரும். வெளியே சொன்னால் பாவி என்பார்களே என்று வருஷக்கணக்கில் வாய் திறக்க மாட்டார். சாமி மீது பிடிப்பில்லாதவருக்கு அந்த எண்ணம் வந்த வழியே போய்விடும். பக்தி உள்ளவரைத்தான் அது விடாமல் உறுத்துகிறது. தேசிய மனநல ஆய்வு (2015-16) கணக்கின்படி, பெரியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் எட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்குகிறது.

திருத்தணிக்குப் பக்கத்தில்தான் சோளிங்கர். மனநலம் பாதித்தவர்களை அங்கே தங்கவைத்து, தக்கான் குளத்தில் குளிக்கவைத்து, ஆஞ்சநேயரைச் சேவிக்க மலையேற்றுவது பழைய வழக்கம். வேண்டுதலை நான் குறை சொல்ல மாட்டேன். வேண்டுதலும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதி அல்ல. பரிகாரம், தாயத்து என்று நகையை அடகு வைத்து ஐந்தாறு வருஷத்தைத் தொலைப்பதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது மனநல பராமரிப்புச் சட்டம், 2017. மீறினால் முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். செர்ட்ராலின், புளூஆக்சிடின், புளூவாக்சமைன் போன்ற மருந்துகள் இதற்குத் தரப்படுகின்றன. இவை தூக்க மாத்திரைகள் அல்ல. பலன் முழுசாகத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இரண்டாவது வாரமே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஓரிரு வருஷம் தொடர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் பதற்றத்தை ஒரு ராத்திரிக்கு அமுக்கும், பழக்கமாகவும் பிடித்துக்கொள்ளும், நோயைத் தீர்க்காது.

மருந்துக்கு இணையாக ஒரு பயிற்சி உண்டு. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்தது. பயப்படும் காரியத்தை நேருக்கு நேர் செய்ய வேண்டும், பிறகு வழக்கமான பரிகாரத்தைச் செய்யாமல் இருக்க வேண்டும். வாசற்படியைத் தொட்டுவிட்டு ஒரு மணி நேரம் கை கழுவாமல் உட்காருவதில் தொடங்கலாம். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். சன்னதியில் கெட்ட எண்ணம் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் விபூதி வாங்கிக்கொண்டு திரும்புவதும் இதே பயிற்சிதான். ‘பூட்டினேனாம்மா?’ என்று முப்பதாவது தடவை கேட்கும் மகனுக்கு ‘பூட்டிட்டப்பா’ என்று அம்மா சொல்லும் பதில் நோய்க்குத்தான் தீனி. அதை எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று சிகிச்சையாளர் வீட்டாருக்கும் சொல்லித் தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று கேட்டுப் பாருங்கள். ‘கவுன்சலிங்’ என்று போர்டு மாட்டியவரெல்லாம் அப்படி இல்லை.

எங்கே போவது? திருத்தணி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும்போதே, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை எந்தக் கிழமை பார்க்கலாம் என்று கேளுங்கள். அடுத்து திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ரயிலேறினால் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, வேலூர்ப் பக்கம் போனால் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம்.

அரசு செலவில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017 சட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முழுக்க இலவசம். உங்கள் நோய் விவரத்தை மருத்துவமனை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். சேவையில் குறை இருந்தால் பொறுப்பு மருத்துவரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். ‘சைக்யாட்ரிஸ்ட்டிடம் போனால் பைத்தியம் என்று பதிவாகிவிடும்’ என்ற பயத்துக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது: மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், நீதிமன்றம் அறிவித்தால்தான் உண்டு. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் ஓசிடிக்குப் பெரும்பாலும் படுக்கை தேவைப்படாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் பாலிசியால் பலருக்குப் பயனில்லை. நோய் கடுமையாக இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம், நகரி, புத்தூர் பக்கத்துச் சொந்தங்கள் தெலுங்கிலும் பேசலாம். வாய்விட்டுச் சொல்லக் கூசும் அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டினாலும் போதும். அவர் அதைப் பலரிடம் கேட்டவர்தான்.