'கடகட' சத்தம் போடும் பழைய சூப்பர்சார்ஜர்: வீட்டிலேயே பிரித்து மாட்டலாமா? உஷார் டிப்ஸ்

சென்னை,-

காரை ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் கோலிக்குண்டு உருளுவது போல 'கடகட' சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் அடங்கிவிடும். சிக்னலில் நின்றால் மறுபடியும் 'கடகட'.

பழைய சூப்பர்சார்ஜர் காரை ஆசை ஆசையாக வாங்கியவர்கள் பலருக்கும் இருக்கும் தலைவலி இது. 'முழு செட்டையும் மாத்தணும் சார்' என்று யாராவது சொன்னால், நம்பி உடனே பர்ஸை திறக்க வேண்டாம். பல நேரம் தேய்ந்து போயிருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டுதான்!

அது என்ன சூப்பர்சார்ஜர்?

என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பம்ப்தான் சூப்பர்சார்ஜர். டர்போ, சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுத்தும். சூப்பர்சார்ஜரோ என்ஜினில் இருந்து வரும் பெல்ட்டில் சுத்தும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். வண்டி சும்மா சீறிப் பாயும்.

அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் இதற்கு மூலம். 1921-ல் மெர்சிடிஸ் நிறுவனம் இந்த வகையை காரில் பொருத்தி விற்பனைக்கு கொண்டு வந்தது. நம்மூர் ரோட்டில் ஓடும் பழைய பென்ஸ் சி200 காரின் முதுகில் 'கொம்ப்ரெசர்' என்று எழுதியிருந்தால், உள்ளே சூப்பர்சார்ஜர் இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் பிரித்து மாட்ட ஓரளவு வசதியானது ஈட்டன் நிறுவனத்தின் எம்45, எம்62, எம்90 வகைகள். எம்45 என்றால் ஒரு சுத்துக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் முக்கால் லிட்டர் காற்றை தள்ளும். எம்90 சுமார் ஒன்றரை லிட்டர் தள்ளும்.

பிரிப்பது எப்படி?

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். முதலில் ஆயிலை வடிக்க வேண்டும். சூப்பர்சார்ஜருக்கு தனி ஆயில் உண்டு. பழைய ஆயிலின் நாத்தம் குடலைப் புரட்டும். ஜன்னலை திறந்து வைப்பது நல்லது.

அடுத்து, எந்த பாகம் எந்த பக்கம் இருந்தது என்று பஞ்ச் வைத்து அடையாளம் போட வேண்டும். மூக்குப் பகுதி போல்ட்டுகளை கழற்றினால் அது தனியாக வந்துவிடும். உள்ளே இருப்பதுதான் அந்த பிளாஸ்டிக் 'கப்ளர்'. அதன் ஓட்டைகள் அகலமாகி இருந்தால் 'கடகட' சத்தத்துக்கு காரணம் அதுவே. புதுசு போட்டால் சத்தம் போயே போச்சு.

'கீச்' என்ற சத்தம் வந்தால் பேரிங் காலி. மூக்கில் ஆயில் கசிந்தால் ஆயில் சீல் காலி. இரண்டையும் மாற்ற புல்லியை கழற்றியாக வேண்டும். புல்லி இறுக்கமாக அழுத்தி பொருத்தப்பட்டது. இங்கே சுத்தியல் எடுத்தால் கதை முடிந்தது! ஷாப்ட் வளைந்துவிடும். புல்லர் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்து எடுப்பதே புத்திசாலித்தனம்.

இதை மட்டும் தொடாதீங்க!

உள்ளே இரண்டு ரோட்டர்கள் ஒன்றோடு ஒன்று உரசாமல், மயிரிழை இடைவெளியில் சுத்துகின்றன. அந்த இடைவெளியை காப்பாற்றுவது டைமிங் கியர்கள். 'அதையும் கழற்றி துடைச்சிடலாம்' என்று ஆசைப்பட்டால், பழைய நிலையில் பொருத்த தனி கருவிகள் வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ரோட்டர்கள் மோதிக்கொள்ளும். உடைந்த அலுமினியத் தூள் நேராக என்ஜினுக்குள் போகும்.

ரோட்டர் மேல் பூச்சு இருக்கும். கம்பி பிரஷ், காஸ்டிக் சோடா இரண்டும் ஆகாது. கேஸ்கெட் பேஸ்டை மெல்லிசாக தடவ வேண்டும். அள்ளி அப்பினால் பிதுங்கி உள்ளே போய்விடும். மாட்டி முடித்ததும் கையால் சுத்திப் பார்க்க வேண்டும். எங்காவது உரசினால் பெல்ட் மாட்டக்கூடாது.

2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் வாட்டர் பம்ப்பையும் சூப்பர்சார்ஜரின் பின்பக்க கியர்தான் சுத்துகிறது. பின்பக்க ஆயில் வற்றினால் கியர் தேயும், பம்ப் நிற்கும், என்ஜின் கொதிக்கும். முன்பக்கம் மட்டும் ஆயில் மாற்றிவிட்டு பின்பக்கத்தை மறப்பவர்களுக்கு பெரிய செலவு காத்திருக்கிறது.

புல்லியை சின்னதாக்கினால்...

வேகப் பிரியர்கள் முதலில் செய்வது புல்லியை மாற்றுவதுதான். கணக்கு ஈசி. என்ஜின் புல்லி 150 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 75 மி.மீ. என்று வைத்துக் கொள்வோம். என்ஜின் 6,000 சுத்தும்போது சூப்பர்சார்ஜர் 12,000 சுத்தும். புல்லியை 68 மி.மீ. ஆக்கினால் அது சுமார் 13,200 ஆகிவிடும்.

காற்று கூடும், கூடவே சூடும் ஏறும். சூடான காற்றில் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். இதைத்தான் 'நாக்கிங்' என்பார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதனால் புல்லியோடு பெட்ரோல் அளவு, ஸ்பார்க் டைமிங், இன்டர்கூலர், அதிக ஆக்டேன் பெட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன சுழற்சி எல்லையை தாண்டவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இருக்கிற சூப்பர்சார்ஜரை ரிப்பேர் செய்வது பிரச்சினை இல்லை. ஆனால் சாதாரண காரில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாக மார்க்கெட்டில் வாங்கி வந்து மாட்டினால் அது வேறு கதை. கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் வேட்டு வரலாம்.

கப்ளர், சீல், பேரிங் மாற்றுவது பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வேகம்தான் வேண்டும் என்றால் அதற்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. கிழக்கு கடற்கரை சாலை அதற்கான இடம் இல்லை!