நீர் இறைக்கும் எஞ்சின் வேகமிஞ்சுதல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சினால் கிணறு இறைப்பதைப் பரிசோதித்த பிரதேசங்களுள் செங்கற்பட்டு ஜில்லாவும் ஒன்று. அந்நாளில் அதில் அடங்கியிருந்த வாலாஜாபாத் பக்கத்தில், மின்சாரம் நின்ற வேளைக்கென டீசல் எஞ்சின் வைத்திருப்போர் ஒரு குறியைக் கவனித்தல் அவசியம்.

பெல்ட் கழன்று பாரம் நீங்கினால் வேகம் சற்றே உயர்ந்து நிலைத்தல் இயல்பு. நிமிஷத்துக்கு 1,500 சுற்றுள்ள எஞ்சின் 1,600-க்கு அப்பாலும் ஏறிக்கொண்டே போகுமாயின், பிளைவீல் தெறித்து உயிர்ச்சேதம் நேரக்கூடும். உடனே நிறுத்தும் பிடியை இழுக்க வேண்டும். நின்றுவிட்டால், கவர்னரின் ஸ்பிரிங் மிதமிஞ்சி முறுக்கப்பட்டிருக்கும். அல்லது இணைப்புக் கம்பி கழன்றிருக்கும். தண்ணீர் அதிகம் வருமென்று ஸ்பிரிங்கை முறுக்குவோர் உளர். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் பம்பு இழுக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடுமென்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பிடிக்கு அடங்காவிடில், காற்று புகும் வாயைப் பலகையால் அடைத்தல் வேண்டும்; கையால் அடைக்கலாகாது. ஆறிய பின், எரிபொருள் பம்பின் ராக் கையால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசையாவிடில் குற்றம் அதிலேயே. தாராளமாக அசைந்து, ஓடியபோது நீலப்புகையும் வந்திருப்பின், காற்று வடிகட்டியில் எண்ணெய் கோட்டுக்கு மேல் நின்று உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். டீசலின்றி அவ்வெண்ணெயிலேயே எஞ்சின் ஓடும். மிகுதியை வடித்த பிறகே மீண்டும் ஓட்டலாம்.