நடுக்கடலில் பாய்மரக் கம்பி அறுந்தால் என்ன செய்வார்கள்?

2018 நவம்பர். தென் பசிபிக் பெருங்கடல். எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் முன்னணியில் இருந்தார் பிரான்ஸின் ழான்-லுக் வான் டென் ஹீட். வயது 73. பேரலை ஒன்று படகைப் புரட்டிப்போட்டது. படகு நிமிர்ந்துவிட்டது. ஆனால், பாய்மரத்தில் கம்பிகளை மாட்டியிருந்த பிடிப்பு, மரத்தைக் கிழித்துக்கொண்டு சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. கம்பிகள் தொளதொளத்துப்போயின. முதலில் சிலி நாட்டுக் கரைக்குப் போகத்தான் நினைத்தார். பிறகு, பலமுறை தானே மரத்தில் ஏறி இழுத்துக் கட்டினார். 2019 ஜனவரி 29-ல் முதல் ஆளாகக் கரை சேர்ந்தார்.

இது ரேஸ்காரர்களுக்கு மட்டுமான விஷயமல்ல. படகையே வீடாக்கிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றுபவர்களும் இந்த வேலையைக் கற்றுத்தான் ஆக வேண்டும். நடுக்கடலில் மெக்கானிக்கை கூப்பிட்டா வரவா போறார்?

கம்பி ஏன் இவ்வளவு முக்கியம்?

மொட்டை மாடி செல்போன் டவரை நாலு பக்கமும் கம்பி கட்டி நிறுத்தியிருப்பார்களே, அதே கதைதான். முன்னால், பின்னால், இரு பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டீல் கம்பிகள்தான் பெரும்பாலான படகுகளில் பாய்மரத்தை நிறுத்துகின்றன. இந்த மொத்த அமைப்புக்குப் பெயர் ‘ரிக்கிங்’. ஒரு கம்பி போனால், மரமே சாயலாம்.

எங்கே அறுகிறது?

நடுவில் அறுவது அபூர்வம். கம்பியின் முனை உலோகப் பிடிப்புக்குள் நுழையும் இடம்தான் பலவீனமானது. உள்ளே உப்புநீர் தேங்கும், காற்று புகாது. அந்த நிலையில் ‘துருப்பிடிக்காத’ ஸ்டீலும் அரிக்கும். படகின் ஓயாத ஆட்டத்தில் உலோகமும் சோர்ந்துபோகும். 19 இழைகள் முறுக்கிய கம்பியில் ஒரே ஒரு இழை தெறித்திருந்தாலும், அந்தக் கம்பியை மாற்றிவிட வேண்டும் என்பதே அனுபவசாலிகளின் விதி. வெளியே நன்றாகத் தெரிந்தாலும், 10 முதல் 15 ஆண்டுகளில் எல்லாக் கம்பிகளையும் மாற்றுவது வழக்கம்.

அறுந்ததும் முதல் வேலை என்ன?

ரிப்பேர் அல்ல, படகைத் திருப்புவது. காற்று வரும் பக்கத்துக் கம்பிதான் சுமையைத் தாங்குகிறது. வலப்பக்கக் கம்பி அறுந்தால், காற்று இடப்பக்கம் இருந்து வரும்படி உடனே திருப்ப வேண்டும். முன்கம்பி அறுந்தால், காற்றைப் பின்னால் வாங்க வேண்டும். அடுத்து, பாயைக் குறைத்து, பாயை ஏற்றும் கயிற்றையே தற்காலிகக் கம்பியாக இழுத்துக் கட்டுவார்கள்.

அப்புறம்?

பலர் கையிருப்பில் வைத்திருப்பது ‘டைனீமா’ கயிறு. அதே தடிமனுள்ள ஸ்டீல் கம்பியைவிட வலுவானது, எடையோ மிகக் குறைவு. கையாலேயே பின்னிக் கண்ணி போடலாம். ஆனால் உராய்ந்தால் தேயும். தொடர்ந்து இழுபட்டால் மெல்ல நீளும், அடிக்கடி இறுக்க வேண்டும். உள்ளதிலேயே நீளமான கம்பியின் அளவுக்கு ஒரு ஸ்பேர் கம்பி, ஸ்பேனரால் முடுக்கும் முனைப் பிடிப்புகள் இரண்டு இருந்தால், படகிலேயே புதுக் கம்பி தயார்.

கஷ்டமான பகுதி, மேலே ஏறுவது. கீழே லேசாகத் தெரியும் ஆட்டம், உச்சியில் ஆளைத் தூக்கி அடிக்கும். அதனால் இருக்கைக் கயிறு ஒன்று, அது அறுந்தால் தாங்க இன்னொன்று என இரண்டு கயிறுகள் கட்டாயம்.

மரமே முறிந்தால்?

கம்பிகளில் தொங்கும் மரம், அலைக்கு அலை படகை இடித்து ஓட்டை போட்டுவிடும். காப்பாற்ற முடியாவிட்டால் வெட்டிவிட வேண்டியதுதான். அதற்காகவே போல்ட் கட்டரும் ஹேக்ஸா பிளேடுகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதே 2018 போட்டியில், இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி தென் இந்தியப் பெருங்கடலில் மரத்தை இழந்து, முதுகில் பலத்த காயத்தோடு மீட்கப்பட்டார். பிறகு மீண்டுவந்து, 2023-ல் அதே போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார்.

அதனால்தான் நெடும்பயணம் கிளம்பும் முன் துறைமுகத்திலேயே மரத்தில் ஏறி, ஒவ்வொரு முனையையும் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். துருக்கறையோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் அன்றே மாற்றிவிடுகிறார்கள். அங்கே அது அரைநாள் வேலை. நடுக்கடலில் அதுவே உயிர்ப் பிரச்சினை.