விலா எலும்பே ஓடானது

ஆமை தன் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே உலாவுவதாகச் சிறுவர் படக்கதைகளில் வரைவார்கள். அது நடக்கவே முடியாத காரியம். ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்துதான் அதன் மேலோடு. அருங்காட்சியகத்தில் காலி ஓடு கண்ணில் பட்டால் உட்புறத்தைக் கவனியுங்கள். நட்டநடுவில் முதுகெலும்பு செல்லும். இருபுறமும் விலாக்கள் பட்டையாக அகன்று ஒன்றோடொன்று இணைந்திருக்கும். வெளியே தெரியும் கட்டங்கள் எலும்பல்ல, நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனவை.

முதுகெலும்புள்ள விலங்குகளின் கருவில் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே தோன்றுகிறது. சுறா ஆயுள் முழுக்க அப்படியே இருந்துவிடுகிறது. நமக்கும் கோழிக்கும் பல்லிக்கும் அது பிறகு எலும்பாகிறது. ஆமையின் விலாவும் குருத்தெலும்பில்தான் தொடங்குகிறது. அது வளரும் திசைதான் வேறு. நம் விலாக்கள் வளைந்து இறங்கி நெஞ்சைச் சூழ்கின்றன. ஆமைக் கருவிலோ உடலின் இரு பக்கங்களிலும் தடித்த வரம்பொன்று எழும்புகிறது. விலாக்கள் கீழிறங்காமல் அதை நோக்கி விசிறிபோல் விரிகின்றன. பின்னர் ஒவ்வொரு விலாவிலிருந்தும் எலும்பு பரவி அடுத்த விலாவை எட்டுகிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது தோள்பட்டைதான். நமக்கு அது விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கு உள்ளே. ஜப்பானின் கோபே நகர ஆய்வாளர்கள் 2009இல் இதற்கு விடை சொன்னார்கள். ஆமைக் கருவின் உடற்சுவர் உள்நோக்கி மடிகிறது. அதனால் விலாக்கள் தோள்பட்டைக்கு மேலே வந்துவிடுகின்றன. தோள்பட்டை எங்கும் இடம்பெயரவில்லை. புது எலும்பு எதையும் படைக்காமல், உள்ளதை மடித்தே இயற்கை இதைச் சாதித்திருக்கிறது.

ஓடு உருவான பரிணாமத்தின் பாதிவழியைக் காட்டும் புதைபடிவச் சாட்சி சீனாவின் குய்சோவில் கிடைத்தது. 2008இல் விவரிக்கப்பட்ட ஒடான்டோகெலிஸ் என்ற ஆதி ஆமை, சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. வாயில் பற்கள் இருந்தன. அடிப்பக்க ஓடு முழுமையாக இருந்தது; மேலே விலாக்கள் அகன்றிருந்தன, ஆனால் அவை இன்னும் இணையவில்லை.

அசையாத விலாக்களுக்கு விலை உண்டு. மூச்சிழுக்க நாம் விலாக்களை விரிக்கிறோம். ஆமையால் முடியாது, வயிற்றுத் தசைகள்தான் நுரையீரலை விரித்துச் சுருக்குகின்றன.

நிக்கோபார் கடற்கரைகளில் முட்டையிடும் ஏழுவரி ஆமை இந்தக் கவசத்தைப் பெருமளவு கைவிட்டுவிட்டது. அதன் விலாக்கள் தனித்தனியே நிற்கின்றன. மேலே தோல் போன்ற முதுகில் ஆயிரக்கணக்கான சிறு எலும்புத் துண்டுகள் பதிந்துள்ளன. 1,000 மீட்டருக்கும் கீழே மூழ்கும்போது, நீரின் அழுத்தத்துக்கு அந்த முதுகு வளைந்து கொடுக்கிறது.