பழைய அரவை யந்திரத்திற்கு மின்சார மோட்டார் பொருத்துதல்

வெள்ளகோவில், முத்தூர், காங்கேயம் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள நாட்டில் நெல்லும் எள்ளும் தேங்காயும் அரவைக்கு வருவன. இத்தகைய ஊர்களின் பழைய அரவைக் கொட்டகைகளில் ஹல்லரையும் செக்கையும் ஒரே ஆயில் எஞ்சின் நீண்ட தண்டொன்றின் வழியாக ஓட்டுவது வழக்கம். வார்ப்பிரும்பு ஹல்லர், உருளையும் சல்லடையும் காலத்தில் மாற்றப்பட்டால், நெடுநாள் உழைக்கும். ஆதலால் யந்திரத்தை விற்றுவிடாமல் எஞ்சினை மட்டும் நீக்கி மோட்டார் வைப்பதே மிராசுதார்களுக்குச் சிக்கனம்.

இது புதிய விஷயமன்று. 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பின்னர்க் கோயமுத்தூர்ச் சீமையில் மின்சாரம் பரவிற்று. 1937-இல் கோயமுத்தூரிலேயே ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மோட்டார் செய்தனர். ஆயினும் பழைய தவறு ஒன்று இன்றும் நிகழ்கிறது. எஞ்சின் 20 குதிரைச் சக்தி என்றால் மோட்டாரும் 20 வேண்டுமென்று கருதி வாங்கிவிடுகிறார்கள்.

மோட்டார் சிறிது நேரம் தன் அளவுக்கு மேற்பட்ட சுமையையும் தாங்கும். எஞ்சின் அவ்வாறு தாங்காது. எனவே எஞ்சினை எப்போதும் சற்றுப் பெரிதாகவே வாங்குவது வழக்கமாயிருந்தது. அன்றியும் நீண்ட தண்டையும் அதன் தாங்கிகளையும் சுழற்றுவதிலேயே ஒரு பங்கு சக்தி வீணாகும். ஹல்லருக்கும் செக்கிற்கும் தனித்தனி மோட்டார் வைத்தால் அந்த நஷ்டமும் ஒழியும். அளவை ஊகிக்க வேண்டுவதில்லை. ஒரு மோட்டாரை இரவலாகப் பூட்டி, நெல்லை முழு அளவில் விட்டு, கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் ஆம்பியர் மீட்டரால் பார்க்கலாம். 415 வோல்ட்டில் முழுச் சுமையிலுள்ள மோட்டார் குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஏறத்தாழ 1.4 ஆம்பியர் இழுக்கும். 20 குதிரைச் சக்தி மோட்டார் 28-க்குப் பதிலாக 17 ஆம்பியரே காட்டினால் 15 போதும்.

சக்தியைவிட வேகத்திலேயே அதிக ஜாக்கிரதை வேண்டும். மந்த ஓட்டமுள்ள பழைய எஞ்சின் நிமிஷத்திற்கு 650 சுற்றுச் சுற்றும். சாதாரண மோட்டாரோ 1,440. எஞ்சினிலிருந்த புல்லியின் அளவிலேயே மோட்டாருக்கும் புல்லி போட்டால் ஹல்லர் இருமடங்குக்கு மேல் ஓடும். அரிசி நொய்யாகும், அது மட்டுமன்று, புல்லியைச் சிதறடிக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதால் ஏறக்குறைய ஐந்து மடங்காகும். வார்ப்பிரும்புப் புல்லி வெடித்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

எனவே எஞ்சினைக் கழற்றுமுன் ஹல்லர் தண்டின் சுற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அது 720 என்றும், மோட்டார் புல்லி 6 அங்குலம் என்றும் கொண்டால், 1,440-ஐ 6-ஆல் பெருக்கி 720-ஆல் வகுக்க, ஹல்லர் புல்லி 12 அங்குலம் என்று வரும். தட்டை பெல்ட்டானால் வழுக்கலுக்காக மோட்டார் புல்லியின் அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்த்துக்கொள்ளலாம். மோட்டார் புல்லி மிகவும் சிறியதாக வந்தால் பெல்ட் பிடிக்காது. பிடிப்பதற்காக இழுத்துக் கட்டினால் பேரிங் தேயும். அப்போது விலை சற்று அதிகமாயினும் 960 சுற்று மோட்டாரே நல்லது.

ஹல்லரை வெறுமையாகக் கிளப்பிப் பின் நெல்லை விடலாமாதலால் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அதற்குப் போதும். செக்கின் சங்கதி வேறு. மின்சாரம் நின்றபோது உரலில் பிண்ணாக்கு இறுகிக் கிடந்தால், ஸ்டார் நிலையில் மூன்றிலொரு பங்கு திருகுவிசையே உள்ள மோட்டார் அதை அசைக்காமல் நின்று சூடேறும். செக்கிற்கு ‘டிரைவ்’ எனப்படும் அதிர்வெண் மாற்றுக் கருவி தகும். அது மெல்லக் கிளப்பும். மின்னோட்டத்தையும் எல்லைக்குள் வைக்கும். ஆனால் செக்கின் மந்த வேகம் முழுவதையும் டிரைவைக் கொண்டே பெற முயல்வது தவறு. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு தணியாது. வேகத்தைக் குறைக்கும் வேலையைப் புல்லிக்கும் பல்சக்கரத்திற்கும் விட்டு, டிரைவைக் கிளப்புவதற்கும் சிறு திருத்தத்திற்கும் வைத்துக்கொள்க. ஹல்லருக்கு டிரைவ் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவே.

டிரைவைத் தவிட்டுத் தூசி படாத தனியறையில், எலி புகாத பெட்டியில் வைக்கவேண்டும். ஸ்டார்ட்டர் வைப்பவர், மூன்று பேஸில் ஒன்று அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவியையும் சேர்த்து வாங்குக. அதன் விலை மோட்டாரைத் திரும்பக் காயில் கட்டும் கூலியைவிடக் குறைவு.

கிணற்றுப் பம்பிற்குக் கொடுக்கப்பட்ட இலவச மின்னிணைப்பிலிருந்து மில்லுக்குக் கம்பி இழுத்தல் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இத்தகைய உபயோகத்திற்கு அபராதக் கட்டணம் விதிக்க இடமளிக்கிறது. மோட்டாரின் சக்தி தீர்மானமான பிறகே மில்லுக்குத் தனி இணைப்புக் கோரி மனுச் செய்தல் வேண்டும். தேவைக்கு மேற்பட்ட சக்தியை மனுவில் எழுதினால் மாதந்தோறும் நிலைக் கட்டணம் கூடும். அதனிடையே கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணுக்குரிய சான்றைப் பெற்று வைத்துக்கொள்ளலாம்.