47 வாக்கியங்களில் தப்பிப் பிழைத்த 22

பேராசிரியர்களின் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் வரும் தீராச் சோர்வை, அளக்கும் படிவத்தை வாங்கிப் பாருங்கள். அதன் தலைப்பில் ‘பர்ன்அவுட்’ என்ற சொல்லே இருக்காது! ‘கல்வியாளர் கணக்கெடுப்பு’ என்று சாதுவாக ஒரு பெயர்தான். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. எதை அளக்கிறார்கள் என்று முன்பே தெரிந்துவிட்டால் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா! இந்தத் திரைமறைவு வேலைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

இந்தப் படிவத்தின் மூலக் கருவியை 1981-இல் வெளியிட்டவர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன். மாஸ்லாக் யார் தெரியுமா? 1971-இல் மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்த ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை நேரில் பார்த்துவிட்டு, இது தகாது என்று அதை நடத்திய ஜிம்பார்டோவிடமே வாதாடிய அதே இளம் ஆய்வாளர்!

முதலில் கருவியில் 47 வாக்கியங்கள். 600-க்கும் மேற்பட்டோரிடம் கொடுத்துச் சலித்ததில் மிஞ்சியவை 25. கடைசியில் நின்றவை 22: உணர்ச்சி வற்றிப்போவதற்கு 9, எதிரில் இருப்பவரை மனிதராகவே பார்க்காத விட்டேத்தித்தனத்துக்கு 5, சாதித்த நிறைவுக்கு 8. மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடக்கூடாது. ‘சோர்வாக இருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கும் இங்கே இடமில்லை. ‘எவ்வளவு அடிக்கடி?’ என்பதுதான் கேள்வி. ஒருபோதும் இல்லை என்றால் 0, தினமும் என்றால் 6.

ஆசிரியர்களுக்கான வடிவத்தில், சேவை பெறுபவர் என்றிருந்த இடங்களில் மாணவர் வந்து உட்கார்ந்தார். ஆனால் பேராசிரியரின் இன்னொரு வேலையான ஆய்வுக்கு யாரை உட்கார வைப்பது? எதிரே ஆளே இல்லையே! இதற்கு வழிவிட்டது 1996-இல் வந்த 16 வாக்கியப் பொது வடிவம். மனிதர்மேல் அல்ல, வேலைமேலேயே வரும் கசப்பை அது அளக்கிறது. ஆய்வுச் சோர்வைப் பிடிக்க அதுதான் சரியான வாசல் என்பேன்.

இனி ஆய்வுச் சோர்வுக்கு வாக்கியம் செதுக்குவதைக் கிட்ட நின்று பாருங்கள். ‘ஆய்வும் வகுப்பும் என்னைக் களைப்பாக்குகின்றன.’ நன்றாகத்தானே இருக்கிறது? குப்பைக்கூடைதான்! ஆமாம் என்றால் எது, ஆய்வா, வகுப்பா? வகுப்பில் துள்ளலோடு பாடம் நடத்திவிட்டு, அறைக்கு வந்ததும் கணினியைத் தொடவே கை கூசுகிறவரைத்தான் நாம் தேடுகிறோம். ‘மதிப்பாய்வாளர் குறிப்புகளோடு திரும்பி வந்த கட்டுரையைத் திறக்காமல் தள்ளிப்போட்டேன்’ என்று எழுதினால் அவர் அகப்படுவார். அடடா, ஒரே வாக்கியத்தில் ஒரு மனிதரின் முழு மாதமும் தெரிந்துவிடுகிறது!

பர்ன்அவுட் நோயல்ல, பணியிடம் சார்ந்த நிகழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவாக்கியது. அதனால் சோர்வில் அதிக மதிப்பெண் வந்தால் ஆளை அல்ல, வேலைச்சுமையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

துறைத்தலைவர்களே, படிவத்தில் பெயரையும் பணி எண்ணையும் கேட்காதீர்கள். சின்னத் துறையில் வயதும் பதவியும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பேராசிரியர்களே, தினமும் அப்படித்தான் இருக்கிறது என்றால், தயங்காமல் 6 என்றே போடுங்கள்.