கீசரில் சொட்டும் தண்ணீரை அடைக்காதீர்கள்

தீபாவளி கழிந்து சில வாரங்களில் தில்லியில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கத் தொடங்கிவிடும். புதிய கீசர் மாட்டுவதும் பழையதைப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். ஊரிலிருந்து இங்கே குடிவரும் நம் குடும்பங்களில் பலர் முதன்முதலாகக் கீசர் வாங்குவது இந்த நகரில்தான். அவர்களுக்காக நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர்ச் செம்புப் பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்குழலில் கரி எரியும்; சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் விட்டால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். அதன் வாய் எப்போதும் திறந்தே இருப்பதால், எவ்வளவு கொதித்தாலும் ஆவி வெளியே போய்விடும். அழுத்தம் சேராது.

கீசரோ வாய் மூடிய பாத்திரம். சூடானால் தண்ணீர் பெருகும். 25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 600 மில்லி கூடுதலாகும். அது வந்த வழியே மேல்தொட்டிக்குத் திரும்ப முடியாது. தண்ணீர் உள்ளே வரும் குழாயில் இருக்கும் வால்வு அதைத் திரும்ப விடாது. மேல்தொட்டி காலியானாலும் கீசர் வற்றாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறும். குறித்த அளவைத் தாண்டியதும், அந்த வால்வின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் சொட்டும்.

இந்தச் சொட்டுதான் பலருக்கும் கண்ணை உறுத்துகிறது. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் 'லீக்' என்று கூப்பிட, வந்த பிளம்பர் துளையைக் கட்டையால் அடைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு சிறு குழந்தைகள் குளிக்கும் அறை அது. நான் பார்த்த அன்றே ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, புது வால்வு போட வைத்தேன்.

துளை அடைபட்ட நிலையில் தெர்மோஸ்டாட்டும் கெட்டால் என்ன ஆகும்? தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக வழியின்றி அடங்கிக் கிடக்கும். தொட்டி பிளந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவிக்குத் தண்ணீரைப்போல் சுமார் 1600 மடங்கு இடம் வேண்டும். குளியலறைக் கதவு அதற்கு எம்மாத்திரம்!

சூடேறும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். அணைத்த பிறகும் நாள் முழுதும் சொட்டினால், வால்வில் தூசியோ உப்போ சிக்கியிருக்கலாம், அல்லது பம்பின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். அப்போதும் அடைக்கக் கூடாது. வால்வை மாற்ற வேண்டும்.

பொருத்தும்போது அருகில் நின்று பார்க்க வேண்டியவை சில. 25 லிட்டர் கீசரில் தண்ணீரின் எடை மட்டுமே 25 கிலோ. சுவர் உறுதியாக இருக்கட்டும். நிற்கும் மாடலைப் படுக்க வைத்து மாட்டக் கூடாது. வால்வுக்கும் கீசருக்கும் இடையே வேறு குழாய்த் திருகு வேண்டாம். சொட்டும் துளையில் ஒரு சிறு டியூபை மாட்டித் தரைவாய் வரை சரிவாக இறக்குங்கள். அதன் முனை திறந்தே இருக்கட்டும். அடுக்குமாடியில் பிரஷர் பம்ப் இருந்தால் 8 பார் தாங்கும் தொட்டியாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியர் பிளக்கில், எர்த் சரிபார்த்தபின் இணையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையின்றி வருவதைப் பார்த்த பிறகே முதல் முறை ஸ்விட்சைப் போடுங்கள். இல்லையென்றால் காயில் கருகும்.

போர் தண்ணீர் உபயோகிப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை, குளிர் தொடங்குமுன், காயிலில் படிந்த உப்பைச் சுரண்டச் சொல்லுங்கள். தொட்டியைத் துரு அரிக்காமல் காக்கும் மக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

இந்தி இன்னும் பழகாத இல்லத்தரசிகள் ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: "பையா, இஸ்கோ பந்த் மத் கர்னா." இதை அடைக்காதே என்று பொருள்.